அம்மாவின் பக்கத்தில் தோண்டிய குழி

ரஷ்யர்களின் ராக்கெட் சொன்ன நாளில் கிளம்பியதாக எங்கள் உலுதாவ் புல்வெளிப் பக்கம் சரித்திரமே கிடையாது. "நாளைக்கு விடறாங்க. அடிப்பாகம் கழண்டு உங்க மேய்ச்சல் நிலத்துலதான் விழும். எல்லாரும் பஸ்ல ஏறுங்க" என்று மாவட்ட அலுவலகத்து மெய்ராம்பெக் வந்து நிற்பான். போட்டது போட்டபடி கிளம்புவோம். அப்புறம் அவனே வந்து, "தள்ளி வெச்சுட்டாங்க" என்பான். அந்தக் கோடையில் இரண்டு தடவை இப்படி அலைந்தோம்.

மூன்றாம் தடவை அறிவிப்பு வந்த மறுநாள் விடியற்காலையில் அப்பா இறந்துபோனார்.

அம்மா போனதிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை அவ பக்கத்துல போடுங்க." அம்மாவின் கல்லறை, மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம், ராக்கெட் விழும் எல்லைக்குள் இருந்தது. என் தம்பி ஒராஸ் யாரையும் கேட்கவில்லை. "இதுவும் தள்ளிப்போகும்க்கா, பாத்துக்கிட்டே இரு" என்று ஆட்களைக் கூட்டிப்போய்க் குழி தோண்டிவிட்டான். நானும் சரியென்றேன். எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்பாவைக் குளிப்பாட்டி வெள்ளைத்துணி சுற்றியபோது மெய்ராம்பெக்கின் ஜீப் வந்தது.

"அக்கா, இந்தத் தடவை நிஜமாவே விடறாங்க. இப்பவே கிளம்பணும்."

"உன் நிஜம் எங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுடா, புதைச்சுட்டு வந்துடறோம்."

"நேரமில்லக்கா. அதுல மிச்சமிருக்கிறது விஷ எரிபொருள்."

"அப்ப ராக்கெட்டை நிறுத்தச் சொல்லு!"

"நான் சொன்னா நிக்குமா? நான் யாரு?" அவனும் எங்கள் வீட்டுக் குதிரைப்பால் குடித்து வளர்ந்தவன்தான்.

வந்த ஆத்திரத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். "நான் நகர மாட்டேன். விழட்டும்."

ஒராஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பிள்ளைங்க பஸ்ல இருக்காங்கக்கா. நீ வராம வண்டியை எடுக்க மாட்டாங்களாம்."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? எழுந்தேன். அப்பாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

விழுந்ததையெல்லாம் தேடி எடுக்கும்வரை எல்லையைத் திறக்க மாட்டார்களாம். அந்த வெயிலில் அப்பாவை வைத்திருக்க முடியவில்லை. எங்களை இறக்கிவிட்ட ஊரின் இடுகாட்டில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே புதைத்தார்கள். ராக்கெட் அன்றைக்குச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது, பாவி.

எல்லையைத் திறந்ததும் மெய்ராம்பெக்கின் ஜீப்பில் ஒராஸ் மண்வெட்டியோடு போனான்; நானும் கூடப் போனேன். தோண்டிய குழியைக் காலியாக விடுவது எங்களில் ஆகாது. பெண்கள் இடுகாட்டுக்குள் போவதும் கிடையாது. நான் ஜீப்பிலேயே இருந்தேன். குழிக்குள் மண் விழும் சத்தம் கேட்டது.

மெய்ராம்பெக் என்னைத் தேற்ற நினைத்தானோ என்னவோ, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா. டிவிக்கும் டெலிபோனுக்குமான செயற்கைக்கோளாம். மேல ஏற்கெனவே ஒண்ணு நிக்குதாம், அதுக்கு வயசாயிடுச்சாம். இதைக் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்துலயே நிறுத்தப்போறாங்களாம்" என்றான்.

"பக்கத்துலயேவா?"

"ஆமாக்கா. அதுக்குன்னு அங்க இடம் ஒதுக்கியே வெச்சிருக்காங்களாம்."

"குடுத்துவெச்சதுடா அது" என்றேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.