முதல் தாரத்தின் சைக்கிள்

வேனின் பின்கதவைத் திறந்ததும் கொக்கு முதலில் பார்த்தது ஆளை அல்ல, சைக்கிளை. கரும்பச்சை நிறம். கீழ்க்குழாயில் பாறை இடித்த பள்ளம். அந்தப் பள்ளம் எந்த இறக்கத்தில் விழுந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதன் மேலிருந்து உருண்டு விழுந்தவளே அவள்தான்.

கொக்கு என்பது கம்பெனியில் வைத்த பெயர். நெட்டைக் கால், நீண்ட கழுத்து, ஓடை வந்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைக்கிற நடை; வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மலைப்பாதையில் சைக்கிள் பயணம் கூட்டிப்போகிற சின்னக் கம்பெனி அது. முதல் நாள் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மறுநாள் காடு, மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய கோட்டை ஊர். வழிகாட்டி முன்னால் போக, வந்தவர்கள் பின்னால் மிதிப்பார்கள். பெட்டிகள் வேனில் சுற்றிக்கொண்டு வரும். இந்த ஜோடியைக் கூட்டிப்போக வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று முதலாளி அன்று காலையில்தான் அவள் தலையில் கட்டினார்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்தான். புதுசாக் கல்யாணம் ஆனவங்க. அந்தம்மா நல்லா ஓட்டுவாங்களாம், சார்தான் கத்துக்குட்டி. பார்த்துக் கூட்டிட்டுப் போ."

வேனின் மறுபக்கத்திலிருந்து சார் இறங்கி வந்தார். புது ஹெல்மெட்டின் வாரை மாட்டத் தெரியாமல் மோவாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினார். கடைசியாக அவர்கள் பார்த்துக்கொண்டது கோர்ட்டு வாசலில். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

"வணக்கம் சார்" என்றாள் கொக்கு.

"வணக்கம்" என்றான் அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சரி, தெரியாத ஆள் மாதிரி இருக்க நினைக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். தெரியாதவர்களுக்கு வழி காட்டுவதுதானே தன் பிழைப்பு. ஆனால் அந்தச் சைக்கிளை வேனிலிருந்து இறக்கியவள் புது மனைவி. குட்டையான, துறுதுறுவென்ற பெண். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டாள். நன்றாகவே ஓட்டினாள்.

ஆற்றங்கரைப் பாதை முதலில் அகலமாகத்தான் இருக்கும். தண்ணீர் இடதுபக்கம், நாணல் வலதுபக்கம், நடுவில் இரண்டு சைக்கிள் இணையாகப் போகலாம். அவன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வர, புதியவள் கொக்கின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"அக்கா, எப்பலேருந்து ஓட்டுறீங்க?"

"சின்ன வயசுலேருந்து."

"நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான். இந்த சைக்கிள்கூட என்னோடது இல்லக்கா. இவரோட முதல் சம்சாரத்தோடது. பாவம், அவங்க தவறிட்டாங்க."

கொக்கின் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. பாதையைப் பார்க்காமல் அவள் ஓட்டியது பல வருஷத்தில் அதுதான் முதல்முறை.

"எப்படி?"

"மஞ்சக் காமாலையாம். கவனிக்காம விட்டுட்டாங்களாம். இவர் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. வீட்ல ஒரு போட்டோகூட இல்ல, பார்த்தாத் தாங்க முடியலன்னு எல்லாத்தையும் எடுத்துட்டாராம். அத்தைதான் சொல்லிச் சொல்லி அழுவாங்க. 'தங்கமான மருமக, நெட்டையா ராணி மாதிரி இருப்பா, சைக்கிள்ல ஏறினா சிங்கம்'னு."

ஜலதோஷத்தைத் தவிர வேறு எதற்கும் படுத்தறியாதவள் கொக்கு. மஞ்சள் காமாலையைக்கூட மன்னித்துவிடலாம். சிங்கம் என்ற சொல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதே வாய் அன்றைக்குச் சொன்னது வேறு. "சேத்தோட வீட்டுக்குள்ள வர்றா பாரு, பொம்பளையா இவ?" அதே கைதான் ஒருநாள் இந்தச் சைக்கிளை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றான். மறுநாள் அவள் ஒரு பையோடு கிளம்பினாள். சைக்கிள் பூட்டுக்குள்ளேயே கிடந்தது.

"எங்கப்பா வீட்ல என்னை வாசப்படி தாண்ட விட மாட்டாங்கக்கா" என்று புதியவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இங்க வந்து, பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூம்ல தூசி படிஞ்சு கிடந்த இதைப் பார்த்துட்டு, ஓட்டிப் பார்க்கட்டுமான்னு பயந்து பயந்துதான் கேட்டேன். அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'ஓட்டும்மா, அவ ஆத்மா குளிரும்'னாங்க. இப்ப லீவு நாளானா நான் வீட்லயே இருக்கறதில்ல. எல்லாம் அந்த அக்கா செஞ்ச புண்ணியம்."

அன்று இரவுத் தங்கலில் கொக்கு தலைவலி என்று சொல்லித் தனியாகப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காடு. மரங்களின் வேர்கள் பாதையெங்கும் நரம்பாகப் புடைத்திருக்கும். ஈரம் பட்டால் வழுக்கும். ஏற்றத்தில் புதியவள் விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். அவன் பாதியிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினான். பின்தங்குகிறவருக்காக நிற்பது வழிகாட்டியின் வேலை. கொக்கு நின்றாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றான் அவன், மூச்சு இரைக்க.

"எதை சார்?"

"சார் கீர்னு கூப்பிடாத."

"பின்ன? செத்துப் போனவ தன் புருஷனை எப்படிக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியல. புதுப் பழக்கம் பாருங்க."

அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேரில் உட்கார்ந்தான். "விவாகரத்துன்னா எவனும் பொண்ணு குடுக்கல. குறை யார் மேலன்னு நோண்டுறாங்க. புரோக்கர்தான் சொன்னாரு, சம்சாரம் இறந்துடுச்சுன்னா இரக்கப்பட்டுக் குடுப்பாங்கன்னு. அம்மாவும் சரின்னுட்டாங்க."

"காமாலைன்னு முடிவு பண்ணது யாரு?"

"அம்மா."

"நல்லவேளை, பாம்பு கடிச்சதுன்னு சொல்லாம விட்டாங்க."

"உன்னைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. எல்லாம் நல்லவிதமாத்தான் சொல்லியிருக்கோம்." இதை அவன் ஒரு உபகாரம் செய்தவனைப் போலச் சொன்னான்.

"உயிரோட உங்க வீட்லதானே இருந்தேன்? அந்த நல்ல வார்த்தையில ஒண்ணை, ஒரே ஒண்ணை, அப்பச் சொல்லியிருந்தா வாயில முத்தா உதிர்ந்திருக்கும்?"

அவன் மண்ணைக் கீறினான். அன்றைக்குச் சுவரைப் பார்த்தான், இன்றைக்கு மண்ணைப் பார்க்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். மேலேயிருந்து குரல் வந்தது. "அக்கா! கியர் மாட்டிக்கிச்சு!"

கொக்கு ஏறிப்போனாள். செயின் பின்சக்கரத்துப் பற்களுக்கு இடையில் இறுகிக் கிடந்தது. குனிந்து எடுத்துவிட்டாள், கம்பியை இழுத்துச் சரிசெய்தாள், ஓட்டிப் பார்க்கச் சீட்டை மேலே இழுத்தாள். கை தானாகப் போய்ச் சீட்டுக்கம்பியில் தன் உயரத்துக்கு அவளே கீறிவைத்த கோட்டில் நின்றது. புதியவள் அந்தக் கோடு எதற்கென்று தெரியாமலே இத்தனை நாள் ஓட்டியிருந்தாள். கொக்கு ஏறி, பின்பிரேக் சற்று இடப்பக்கம் இழுக்கும் என்பதற்கு முன்கூட்டியே உடம்பைச் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினாள். கால் நீளம் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியது.

புதியவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நெட்டையா ராணி மாதிரி" என்று அவளே சொன்னது அவள் முகத்தில் ஓடியது. அப்புறம் மெதுவாக மேலேறி வருகிற கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் 'அக்கா' என்று கூப்பிடவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கல்பாலத்தைத் தாண்டிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தார்கள். காலங்காலமாகக் கால் பட்டு வழவழத்துப்போன கல் பாவிய சந்துகள், நேரம் தப்பாகக் காட்டுகிற மணிக்கூண்டு, எல்லா ஜன்னலிலும் காயப்போட்ட துணி. அவன் முட்டி வலிக்கிறதென்று விடுதிக்குள் போய்விட்டான். புதியவள் கொக்கின் கையைப் பிடித்தாள்.

"ஒரு டீ குடிக்கலாமா?"

மதில் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். சைக்கிள்கள் இரண்டும் மதிலில் சாய்ந்திருந்தன.

"காமாலை வந்தவங்க மாதிரி தெரியலையே நீங்க" என்றாள் புதியவள்.

கொக்கு டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லவேண்டியதை எல்லாம் காட்டிலிருந்தே அடுக்கிவைத்திருந்தாள். இவள் அழுவாள், விடுதிக்குள் ஓடுவாள், அவன் சட்டையைப் பிடிப்பாள், அதை வாசலில் நின்று பார்க்கலாம் என்றுகூட நினைத்திருந்தாள். ஆனால் இவளோ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"தெரிஞ்சுடுச்சுன்னா சண்டை போட்டாகணும். சண்டை போட்டா எங்கப்பா வீட்டுக்குப் போகணும். அந்த வீட்டை உங்களுக்குத் தெரியாதுக்கா. இங்க அத்தை என்னை ஓட்ட விடுறாங்கன்னா, அது செத்த மருமக மேல இருக்கிற பாசம். நீங்க உயிரோட இருக்கீங்கன்னா அவங்க பழைய மாமியார் ஆயிடுவாங்க. சைக்கிள் மறுபடியும் ஸ்டோர் ரூமுக்குப் போயிடும். என்னையும் சேர்த்துப் பூட்டிடுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணுங்கிற?"

"நீங்க அப்படியே இருந்துடுங்க."

"அப்படியேன்னா? செத்தவளாவா?"

புதியவள் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

கொக்குக்குக் காது சுட்டது. முதல் நாள் ஆற்றங்கரையிலேயே இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியது. "சரி, என் சைக்கிளையாவது குடுத்துட்டுப் போ."

புதியவளின் கை சட்டென்று கைப்பிடிக்குப் போனது. "இது இல்லாமப் போனா வீட்ல என்னன்னு சொல்லுவேன்?"

"அதானே. என்கிட்ட வாக்கு வேற வாங்கிக்கணுமா? செத்தவகிட்டயே வாக்கு கேட்ட முதல் ஆளு நீதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். கொக்கு தேற்றவில்லை. டீயை முடித்துவிட்டு எழுந்தாள். சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பும்போது, வழக்கமாக எல்லோருக்கும் கையசைப்பவள் இவர்களுக்கு அசைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் நம்பிவிட்டான்.

கோட்டை ஊரில் கம்பெனிக்கு ஒரு பட்டறையும் பின்னால் ஒரு அறையும் உண்டு. அடுத்த கூட்டத்துக்காக அவள் அங்கேயே தங்கவேண்டும். முற்றத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சேறு படிந்த சைக்கிள்களைக் கழுவிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த உலகத்தில் தனக்காக ஒருத்தராவது கொதிக்கட்டும் என்று இருந்தது.

"அம்மா, அந்த வீட்ல நான் செத்துட்டேன்னு சொல்லிட்டு இருக்காங்கம்மா."

அம்மா பதறுவாள், அவர்கள் குடும்பத்தையே வார்த்தையால் கொளுத்துவாள் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

கொக்கின் கையிலிருந்து ரப்பர் குழாய் நழுவியது. "அப்ப உனக்குத் தெரியுமா?"

"அவன் கட்டப்போற பொண்ணு வீட்டுக்காரங்க இங்க விசாரிக்க வந்தாங்கடி. அப்பா வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பிட்டாரு."

"என்னன்னு பேசினாரு?"

"அவர் என்ன பேசினாரு, அவங்கதான் பேசினாங்க. பாவம், சின்ன வயசுன்னாங்க. அப்பா ஆமான்னாரு. அவ்வளவுதான். உன் தங்கச்சிக்கு அப்பத்தான் ஒரு நல்ல இடம் வந்து நின்னுது. அக்கா வாழாம வந்துட்டா, தனியா ஊர் ஊரா சைக்கிள்ல சுத்துறான்னு சொன்னா எவன் கட்டுவான்? கொஞ்சம் அனுசரிச்சுக்கோடி. உன்னை யாரு குறைச்சுச் சொன்னா? எல்லாரும் எவ்வளவு நல்ல பொண்ணுன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க."

தங்கையின் கல்யாணம் அவசரத்தில் முடிந்தது, உனக்கு லீவு கிடைக்காதென்று சொல்லவில்லை என்று அம்மா அன்றைக்குச் சொன்னது அவளுக்கு இப்போது விளங்கியது. அந்தக் கல்யாணத்தில் அவளுக்காகவும் நாலு பேர் உச்சுக் கொட்டியிருப்பார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"சாப்பிட்டேன்" என்று போனை வைத்தாள். காலையிலிருந்து வயிற்றில் அந்த டீ மட்டும்தான். முற்றமெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த ஸ்பேனரை எடுத்துச் சுவரில் வீசினாள். காரை பெயர்ந்து விழுந்தது; ஸ்பேனர் துள்ளிப் போய்ச் சாக்கடையோரம் கிடந்தது. காலையில் வருகிறவர்களுக்கு இன்னும் பாதிச் சைக்கிள்கள் கழுவாமல் நின்றன. குழாயை மூடிவிட்டு, எறிந்ததை அவளே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.