குரல் போன நாள்

நான்காம் வகுப்பு டீச்சருக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்துக் கட்டடத்தில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடுகிற வெண்கலக் குரல், வெறும் காற்றாகத்தான் வந்தது. அதுவும் எந்த நாளில்! காது மெஷின் மாட்டிய கடைசி பெஞ்சுச் சிறுமியை வேறு பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போட, அவள் அம்மா மதியம் வருவதாக இருந்தது. "மெஷின் மாட்டியும் மண்டையில ஏறலன்னா நான் என்ன செய்யறது?" என்று ஐந்து மாதமாகவே டீச்சர் அலுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பைப் பார்த்து வாயை அசைத்தார். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

"கணக்குப் புத்தகம், முப்பதாம் பக்கம்!" என்றாள் கடைசி பெஞ்சுச் சிறுமி, டீச்சரின் உதட்டையே பார்த்தபடி.

டீச்சர் திடுக்கிட்டார். மறுபடி வாயசைத்தார்.

"பின்னாடி பேசிட்டிருக்கிற ரெண்டு பேரும் எழுந்திரிக்கணுமாம்!"

வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. டீச்சர் வாயசைக்க அவள் எடுத்துச் சொல்ல, பாடம் ஜோராக நடந்தது. கேள்வியோடு விடையையும் அவளே சேர்த்துச் சொன்னபோது டீச்சருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அந்த உற்சாகத்தில் வழக்கம்போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே விளக்கத் தொடங்கினார்.

எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த சிறுமி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. வாய் தெரியல. எப்பவும் இப்படித்தான், பாதியில விட்டுப்போயிடும்."

சுண்ணக்கட்டி கையிலேயே நின்றது. ஐந்து மாதமாகப் பலகைக்கல்லவா பாடம் நடத்தியிருக்கிறோம் என்று டீச்சர் வெட்கிப்போனார். இந்தப் பிள்ளையைப் போய் மந்தம் என்றோமே!

மதியம், முகம் வாடி வந்து நின்றாள் அம்மா. டீச்சர் அவள் கண்முன்னே கடிதத்தைக் கிழித்துப் போட்டார். பேச முடியாமல் சிறுமியைப் பார்த்து வாயசைத்தார்.

"அம்மா, நான் இங்கயேதான் படிக்கணுமாம்! முதல் பெஞ்சுல! தப்பெல்லாம் டீச்சர் மேலதானாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் இன்னும் ஏதோ சொன்னார். சிறுமி அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பிள்ளைக்குப் புரியலன்னா பிள்ளையை மாத்தக் கூடாதாம். சொல்லிக்குடுக்கிற விதத்தைத்தான் மாத்தணுமாம்!"

ஆமாம், ஆமாம் என்று டீச்சர் தலையாட்டினார்.