பதிமூணாம் வாரம் பொழைச்சவன்

...செத்துப்போனானா? யாரு சொன்னா, பொழைச்சுட்டான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பதினோரு வருஷத்துக்கு முன்னால டிவியில இதே பட்டாளத்து நாடகம், இந்தியில, பதிமூணாம் வாரம் இதே அதிகாரி தகரப்பெட்டியோட வாசல்ல நின்னான், இதே அம்மை கதறினா. இப்ப மலையில சண்டை நடக்குன்னு மத்தியானத்துல மறுபடி போடுதான், பாவி. "இல்லத்தே, உங்க மவன் இறந்துட்டாருன்னுல்லா அந்த அதிகாரி அவகிட்ட சொல்லுதாரு" என்கா சித்ரலேகா, பக்கத்து வீட்டு மருமவ, நாக்பூர்ல வளர்ந்தவ, அவளுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு... அப்ப எங்க வீட்டுக்காரவுஹ அன்னைக்குச் சொன்னது?

அன்னைக்குச் சேரன்மகாதேவியில எங்க தெருவுக்கே இந்தி தெரிஞ்சவுஹ எங்க வீட்டு வாத்தியார் மட்டுந்தான், டிவி பக்கத்துல நின்னுக்கிட்டு வரிக்கு வரி தமிழ்ல சொல்லுவாஹ, கூடம் கொள்ளாத கூட்டம். மவன் ஆசுபத்திரியில தேறிட்டானாம், சாமானை முன்னால அனுப்பியிருக்கானாம், அம்மை சந்தோசத்துல அழுதாளாம். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவளுக்குப் புத்தி எங்க போச்சு? பெட்டியைக் கட்டிப்பிடிச்சு எவளாவது சந்தோசத்துல அப்படி அழுவாளா? என் மடியில எங்க மவன் குருபிரசாத், பத்து வயசு, நான் அழுததைப் பாத்து அவனும் அழுதான், அதுக்காகத்தான் மாத்திச் சொல்லியிருப்பாஹ, நல்ல மனசுதான், யாரு இல்லேன்னா... அதைப் பாத்துத்தானே நானும் பட்டாளத்துக்குப் போவேன்னான், பொழைச்சு வந்திருவாம்லா, போயிட்டு வாலேன்னு நாந்தானே விபூதி பூசி அனுப்பினேன்.

அவன் கடுதாசி வந்து நாப்பத்திரெண்டு நாளாச்சு. அந்தியானா ரெண்டுபேருமா எஸ்டிடி பூத்துக்குப் போறோம், இவுஹ கண்ணாடிக்குள்ள பட்டாளத்து ஆபீசுக்குப் போட்டு இந்தியில பேசுதாஹ, நான் வெளியில நிக்கேன், வேர்த்து ஊத்த வெளிய வந்து, நல்லா இருக்கானாம்ளா, மலை மேல தபால் கிடையாதாம், தினம் இதே பேச்சு. ஏன் அப்படி வேர்க்கு? நாலு நாளா இவுஹளுக்கு ஏன் சோறு இறங்கலை?

இன்னும் வெயில்கூடத் தாழலை, அதுக்குள்ள சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டாஹ, "ஏளா, கெளம்பு." சித்ரலேகா எந்திரிச்சா. "நானும் வாரேன்த்தே, மாமாவுக்கு ஒத்தாசையா நான் பேசுதேன்." இவுஹ அவளைப் பாக்கலை, என்னைத்தான் பாத்தாஹ.

"நீ வராண்டாம்ட்டி," என்னேன், "மாமாவே பேசிக்கிடுவாஹ."