எஸ்தேலாவின் இனிப்புப் பாண்

இடைவேளைக்குக் கையுறையைக் கழற்றும்போதே, இன்றைக்கு மறுத்துவிடுவது என்று பேரின்பநாதன் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடம் அது. எதிரே, கூட வேலை செய்யும் எஸ்தேலா வழமைபோல டப்பாவைத் திறந்தாள். சங்கின் வரிபோலக் கோடு போட்ட, சீனி அப்பிய மெக்சிக்கோப் பாண்; தினமும் அவருக்கும் ஒன்று. அவள் தன் ஊரில் சோள ரொட்டியும் அவரை விதையும் தின்று, சந்தைக்கு நடந்தே போய்வந்தவள். இங்கே இரண்டு வேலை, நடக்க நேரமில்லை. பழைய காருக்குள்ளேயே சிப்ஸும் கோலாவும். அவர் மட்டும் என்ன திறம்? மனைவி செத்தபிறகு லாசாலில் இருக்கும் தன் வாடகை அறையில் உலை வைத்ததில்லை. சமையற்கூடத்தில் மிஞ்சிய கேக்தான் இராச்சாப்பாடு. போன கிழமை டாக்குத்தர் அவருடைய கால்விரலில் குத்திப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. சீனியை நிறுத்தாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வருமாம்.

“அப்பா, இனிப்பை விட்டிட்டியளோ?” என்று ரொறன்ரோவிலிருந்து மகள் நிரோஜா நேற்றும் தொலைபேசியில் கேட்டாள்.

“ஓம் பிள்ளை, எப்பவோ விட்டிட்டன்.”

ஒரு மனிசரின் முகம் பார்த்து அவர் சாப்பிடுவது அந்தப் பாணை மட்டும்தான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

“வேண்டாம் எஸ்தேலா, வயிறு நிறைஞ்சிட்டுது,” என்றார் தன் நொண்டிப் பிரெஞ்சில். யாழ்ப்பாணத்தில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. மறுபடி வற்புறுத்துவார்கள். அப்போது தன் சீனி வருத்தத்தைச் சொல்லிவிட்டு, வெறுங்கோப்பியோடு கூடவே இருக்கலாம் என்று நினைத்திருந்தார். எஸ்தேலா வற்புறுத்தவில்லை. “சரி,” என்று மூடியை அழுத்தி மூடினாள்.

மறுநாள் அவள் மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விரல் தப்பியது என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதர், வெறுங்கதிரையைப் பார்த்துப் பார்த்துக் கோப்பியை ஆறவிட்டார். பாழாய்ப்போன மரியாதை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல், பனியில் சறுக்கிச் சறுக்கிக் கார்த் தரிப்பிடத்துக்குப் போனார். காருக்குள் எஸ்தேலா சட்டை நுனியை விலக்கி, வயிற்றில் இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு கண்ணாடியை இறக்கினாள்.

“உங்களுக்குமோ? அப்ப ஏன் திண்டனீங்கள்?” என்றார் அவர்.

“நீங்களும் தனிய, நானும் தனிய. நீங்கள் வேண்டாம் எண்டது எனக்கு நிம்மதிதான், நானும் தின்னத் தேவையில்லை. ஆனா பாண் இல்லாமல் என்ன சாட்டுச் சொல்லி மேசைக்கு வாறது?”

“எனக்கும் சீனி வருத்தம்தான்,” என்றார் மெல்ல.

அவள் சாய்ந்து மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். இடைவேளை முடியும் மட்டும் இருவரும் வெறுங்கையோடு, முன்கண்ணாடியைப் பனி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.