ஜூன் முதல் தேதி சாக வேண்டியவன்

அறுபது வயதில் அரிசி ஆலையில் எனக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். சேமநலப் பணமும் கைக்கு வந்தது. அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. பணம் முதலில் தீருமா, நான் முதலில் தீர்வேனா?

செஞ்சிக் கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கும் குந்துநாதன் என் சிநேகிதர். "பணத்த போஸ்ட் ஆபீஸ்ல போடு, கோதண்டம். வட்டிய மட்டும் தின்னு. சும்மா குந்தினு இருக்காத, எதுனா வேலை பாரு" என்றார்.

"எவ்ளோ காலம் இருப்பேன்னு தெரியாம எப்படிய்யா கணக்கு போடறது?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பெரியதம்பி ஜோசியரைத் தேடிப் போனேன். பிறந்த தேதி கேட்டார். ஜூன் ஒன்று என்றேன். கட்டம் போட்டுப் பார்த்து, "எழுபதாவது பொறந்தநாளு, பொழுது சாயறதுக்குள்ள" என்றார்.

இவ்வளவு துல்லியமான தகவல் எந்த வங்கியிலும் கிடைக்காது. பணத்தைப் பத்துப் பங்காக்கி ஆண்டுக்கொன்றாகத் தின்று தீர்த்தேன். என் சம்சாரம் விருத்தாம்பாளுக்குத் தாய்வீட்டு நிலம் கொஞ்சம் இருந்தது. அது ஒருத்திக்குப் போதும், இரண்டு பேருக்குப் போதாது. நான் வேலை எதுவும் பார்க்கவில்லை. சாகிற தேதி தெரிந்தவனுக்குக் காத்திருப்பதே முழுநேர வேலை.

கடைசி மாதம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காக்கைகள் விடிந்ததும் எங்கள் கூரையில் வரிசையாக உட்கார்ந்து, என்னைப் பார்த்து முன்பணமாகச் சோறு கேட்டன. கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் எருமை என்னைக் கண்டதும் நின்று, மேலும் கீழும் அளவெடுத்தது. பக்கத்துத் தெரு எழிலரசன் வீட்டு எருமைதான். ஆனாலும் அது தலையாட்டியது உண்மை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி குளித்து, வேட்டி மாற்றி, கட்டிலில் படுத்தேன். கை சில்லிட்டது. நெஞ்சு நெல் அரைக்கும் இயந்திரம்போல் அடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தது. விளக்கும் வைத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இன்னாய்யா, இன்னுமா இருக்க?" என்றாள் விருத்தாம்பாள்.

"இருக்கறேன் போலக்குது."

"ஜோசியருகிட்ட எந்தத் தேதிய சொன்ன?"

"ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கறதத்தான்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது வாத்தியாரு எழுதனதுய்யா. தலைமேல கைய சுத்திக் காதத் தொடச் சொன்னாரு, எட்டுச்சு, வயசு அஞ்சு, பள்ளிக்கூடம் தெறக்கற ஜூன் ஒண்ணுதான் தேதின்னு போட்டுட்டாரு. நம்ம வயசுக்காரங்க பாதிப்பேரு ஜூன்லதான் பொறந்தாங்க, தெரியாதா ஒனக்கு? நீ ஐப்பசி மழையில பொறந்தன்னு மாமியாரு சொல்லும். எந்த வருசமோ, அதுக்கே தெரியாது."

அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. சாவுப் பயம் அதன் பக்கத்தில் நிற்காது. தொண்ணூறு வரை இருந்துவிட்டால்?

மறுநாள் கடை திறக்குமுன் குந்துநாதன் எதிரில் நின்றேன். "வேலை எதுனா குடு."

அவர் சிரிக்கவில்லை. "எடை போட வர்ற குடியானவங்கள அதட்டாம பாத்துக்கணும். முடியுமா? எவ்ளோ நாளைக்கு வேணும்?"

"அதான் தெரியலங்கறேன்."

"அப்ப உள்ள வா, மூட்டைய நகத்து" என்றார்.