பல்லக்காவின் நாலு தாவல்

பல் டாக்டருடைய கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் வேலை. மெழுகில் ஒரு பல்லை நட்டு, தள்ளிப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஆள். தெருவே அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பேரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கிளாரினெட்டோடுதான்.

நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வாத்தியம். ஆறு வருடமாக ஊர் வாத்தியக் குழுவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு நிம்மதியாக வாசித்து வந்தாள். குழுவை நடத்துகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த நிம்மதியில் கைவைத்தார். புது நூலகத் திறப்பு விழாவில் அவள் தனியாக வாசிக்க வேண்டுமாம்.

அவர் கொடுத்த பாட்டில் நாலு தாவல் வந்தது. அடியில் ஒரு சுரத்தை ஊதிவிட்டு, இடையில் இருக்கிற எதையும் தொடாமல், அதே சுரத்தின் மேல் ஸ்தாயிக்கு ஒரே எட்டில் போய் நிற்க வேண்டும். அவள் எட்டு வைத்தபோதெல்லாம் மேல் சுரம் வரவில்லை. கதவிடுக்கில் வால் மாட்டிய எலி மாதிரி ஒரு "கீச்" வந்தது.

சும்மா விடுகிற ஆளா அவள்? தினமும் சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஊதினாள். கீச் வரவர, ஊதுமுனையைப் பல்லால் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்க, இன்னும் கீச்சிட்டது.

ஒரு நாள், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுக் கணவரிடம் சொல்லிவிட்டு ஊதப் போனாள்.

"ஏங்க, மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க."

வேன் ஓட்டுகிற மனுஷர். பத்து மணி நேரம் ஓட்டிய அலுப்பில் நாற்காலியில் கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்திருந்தார். சொன்னபடி அணைத்தும் விட்டார். சாப்பாட்டுக்கு மாடியிலிருந்து கொழுந்தனும் இறங்கி வந்தான். முதல் வாய்ச் சோறு மூன்று பேருக்கும் நறநறவென்றது.

"என்னங்க இது? அரிசி அப்படியே நிக்குது."

"மூணு விசில் வந்துச்சும்மா. நான் எண்ணுனேன்."

கொழுந்தன் மெல்லுவதை நிறுத்தினான். "அண்ணன் மேல தப்பில்ல அண்ணி. அதுல ரெண்டு உங்களோடது."

கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பல்லக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அறைக்கதவை அறைந்து சாத்தி, கிளாரினெட்டை எடுத்து, உலகத்துக் கோபத்தையெல்லாம் தாடையில் திரட்டி ஊதினாள்.

டக்.

சத்தம் வாத்தியத்தில் இல்லை, வாயில். மேல்வரிசை முன்பல்லில் நாலு வருடம் முன்பு தன் கையாலேயே செய்து மாட்டிக்கொண்ட உறை இரண்டாகப் பிளந்து நாக்கில் கிடந்தது. விழாவுக்கு இரண்டே நாள்தான்.

மறுநாள் காலையில் பல் டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பவே சிரமப்பட்டார். தற்காலிகமாக ஒரு உறையை ஒட்டிவிட்டார்.

"புதுசு ரெடியாகுற வரைக்கும் இத வச்சு எதையும் கடிக்கக் கூடாது."

"ஊதலாமா டாக்டர்?"

"ஊதுங்க. கடிக்காதீங்க."

சாயங்காலம் பயந்து பயந்து கிளாரினெட்டை வாயில் வைத்தாள். மேல்பல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. தாடையைத் தொங்கவிட்டு, உதட்டால் மட்டும் அணைத்து, இறுக்க முடியாத குறைக்கு மூச்சையாவது அறுக்காமல் விடுவோம் என்று ஊதினாள். கீழ் சுரம் வந்தது. விரலை மாற்றினாள். மேல் சுரமும் வந்தது, வழுக்கிக்கொண்டு.

அவள் நம்பவில்லை. மறுபடி ஊதினாள். மறுபடியும் வந்தது. பக்கத்து அறையிலிருந்து கணவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்?"

"வாசிச்சுட்டுத்தாங்க இருக்கேன்!"

"அப்படியா? நல்லாருக்கே," என்றவர், அதில் ஆச்சரியம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்துவிட்டதை உணர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

விழாவில் முதல் மூன்று தாவலும் பிசிறில்லாமல் போயின. நாலாவதுக்கு முன்னால் உறை லேசாக ஆடுவது தெரிந்தது. இப்போது பல்லைக் கடித்துப் பிடித்தால் உறை தங்கும், சுரம் போய்விடும். ஒரு நொடிதான். போனால் போகட்டும் என்று தாடையை விட்டாள். மேல் சுரம் மணிபோல நின்றது. உறை நாக்குக்கு அடியில் போய் விழுந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கென்று தட்டிய கை. ஆனால் அவளால் வாயைத் திறந்து சிரிக்க முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒலிபெருக்கியை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா," என்றார். பல்லக்கா உதட்டை இறுக மூடியபடி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். என்ன அடக்கம் பாருங்க என்று முன்வரிசையில் யாரோ உருகினார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் புது உறையோடு காத்திருந்தார். "வாங்க, இத நிரந்தரமா ஒட்டிரலாம். இனி பாக்கு வெட்டுனாலும் அசையாது."

பல்லக்கா நாற்காலியில் உட்காராமலே நின்றாள்.

"ஒரு மாசம் போகட்டும் டாக்டர். ஆடுறதையே ஒட்டி விடுங்க. அடுத்த பாட்டுல ஏழு தாவல் இருக்காம்."