வர வேண்டாம் என்று ஒரு தந்தி

ஐம்பத்தேழாம் வருஷம் அந்தப் புதுக் காய்ச்சல் கொழும்பிலிருந்து ரயிலேறி மலைக்கு வந்தபோது, ஹட்டனில் இருந்த பெண்கள் கல்லூரியின் விடுதியைக் காப்பாற்றும் பொறுப்பைப் பிரின்சிபல் அம்மா யாரிடம் கொடுத்தார்? பதினோரு வருஷமாக மேட்ரனாக இருந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் பேன் பார்த்துத் தலைவாரி விட்ட நாகலெட்சுமியிடம் அல்ல. ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய ஜெகதீஸ்வரி டீச்சரிடம். நாகலெட்சுமிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. கட்டில்களைத் தள்ளிப் போட்டாள், ஆளுக்கொரு கோப்பை என்றாள், காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிக்க வைத்தாள். ஊரெல்லாம் படுத்துக் கிடக்க, விடுதியில் இரண்டே பிள்ளைகளுக்குத்தான் காய்ச்சல். முன்பெல்லாம் தலைவலி என்றால் நாகலெட்சுமியின் சேலையைப் பிடிக்கும் மீனம்மாகூட இப்போது, "டீச்சர், டீச்சர்" என்று அவள் பின்னால் ஓடினாள். இந்த டீச்சர் எப்போது சறுக்குவாள் என்று நாகலெட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை ஜெகதீஸ்வரி கையில் ஒரு பட்டியலோடு வந்தாள். "அக்கா, நாளைக்குத் தாய் தேப்பன் பார்க்க வாற நாள். தோட்டங்களில காய்ச்சல் கூடவாம். கடிதம் போட்டா நேரத்துக்குப் போகாது. காய்ச்சல், வர வேண்டாம் எண்டு எல்லாருக்கும் தந்தி அடிக்கப் போறன். சரிதானே?"

நாகலெட்சுமி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். தோட்டத்து ஆபிசிலிருந்து லயத்துக்குத் தந்தி வருகிறதென்றால் அது சாவுச் செய்திதான். வேறு எதற்கும் அங்கே யாரும் தந்தி அடித்ததில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்வதற்கு முன்பே பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"நல்லதுங்க டீச்சர். அப்படியே செய்யுங்க" என்றாள். சொல்லும்போது மனசு குளுகுளுவென்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நோர்வூட்டிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் தோட்டத்துப் பெற்றவர்கள் லாரி பிடித்து வந்து இறங்கினார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும், பாதிப் பேருக்கு இருமல். மீனம்மாவின் அப்பா சோலைமலையின் கையில் பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணி.

"எம்புள்ளய எங்க போட்டிருக்கீங்க? மூஞ்சியவாவது காட்டுங்க" என்றார். ஜெகதீஸ்வரி கேட்டுக்குக் குறுக்கே நின்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கேட் திறந்துகொண்டது. உயிரோடு நின்ற பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து, முத்தம் கொடுத்து, கையில் கொண்டுவந்த கோடியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாலே நாளில் இருபத்து மூன்று பிள்ளைகள் விழுந்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஜெகதீஸ்வரியும் படுத்தாள். பிரின்சிபல் அம்மா, "இனி எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று நோயறைச் சாவியை நாகலெட்சுமியிடம் தந்தார். ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது, அதன் கூடவே மீனம்மாவின் கொதிக்கும் நெற்றியும் வந்தது. ராத்திரி பகலாக ஈரத்துணி போட்டும் அந்த உடம்பு ஆறவில்லை.

ஜெகதீஸ்வரிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "தந்தி எண்டா இவையளுக்குச் சாவு எண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா. உங்களுக்கும் ஞாபகம் வரேல்லைப் போல."

அப்படியே விட்டிருக்கலாம். நாகலெட்சுமியால் முடியவில்லை. "ஞாபகம் இருந்துச்சுங்க டீச்சர். நீங்க கெட்டபேரு எடுக்கணும்னுதான் சொல்லல."

ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இதைப் பிரின்சிபலிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. உங்களை வேலையால நிப்பாட்டினா பிள்ளையளைப் பார்க்க ஆள் இல்லை" என்றாள்.

இதிலும் இவளே நல்லவளாகிவிட்டாள் என்று நாகலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நினைப்போடேயே போய் மீனம்மாவின் நெற்றித் துணியை மாற்றினாள்.